வலது கால் ஷூ

பாதுகாப்பு வாரத்துக்கு வந்து புதுப் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசுங்கள் மேடம் என்று கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் முக்கியமானதை விட்டுவிட்டு யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். முப்பத்து நான்கு வருடம் என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்காதீர்கள், தூங்கிவிடுவீர்கள்.

முதல் நன்றி நைட்ரோ சேர்மங்களுக்கு. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பென்சீன் வளையத்தில் ஒரு நைட்ரோ தொகுதியை ஏற்றுவது, தேவைப்பட்டபோது அதை அமீனாக மாற்றுவது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. மந்தைவெளியில் நாங்கள் வாங்கிய இரண்டு அறை வீடும் என் பெண்ணின் படிப்பும் என் மாமியாரின் கண் ஆபரேஷனும் அந்த மஞ்சள் திரவங்கள் போட்ட சோறு. காய்ச்சலுக்குப் போடும் மாத்திரையை எடுங்கள், சட்டையின் சாயத்தை எடுங்கள், அது உருவான வழியில் எங்கேயோ ஒரு நைட்ரோ சேர்மம் தங்கிவிட்டுப் போயிருக்கும். அவற்றை விஷம், விஷம் என்று கரித்துக்கொட்டும் கூட்டத்தில் நான் இல்லை. அவற்றின் குணம் என்ன என்று புட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்த நாம்தான் சில நாள் படிப்பதில்லை.

கலக்கி நின்றுபோய் வினை கைமீறிய கதை, குளிர்நீர் வராமல் போன கதை எல்லாம் எல்லா சீனியர்களிடமும் உண்டு. கேண்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். நான் சொல்லப்போவது ஒரு ஷூவின் கதை. இதை என்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் தப்பு என்னுடையது.

நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மூன்று வாரம். பெருங்குடியில் இருக்கும் நம்முடைய பழைய கட்டடத்தில், இரண்டாவது மாடி ஆய்வகத்துக்கு நான் பொறுப்பு. அன்று மதியம் இரண்டு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்து ஆய்வகத்தைச் சுற்றிப் பார்ப்பதாக இருந்தது. கல்யாண வீட்டு டென்ஷன் என்பார்களே, காலையிலிருந்து எனக்கு அதுதான். யார் குறுக்கே வந்தாலும் கடி.

என் ஆய்வகத்தில் ஒரு சட்டம் இருந்தது. செருப்போடு உள்ளே கால் வைக்கக் கூடாது. தோல் ஷூ, முன்பக்கம் இரும்பு வைத்தது, கயிறு கட்டியிருக்க வேண்டும். டைரக்டரையே ஒருநாள் வாசலில் நிறுத்தி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

முரளி என்று ஒருவன் என் குழுவில் இருந்தான். முப்பத்திரண்டு வயது, ஆறடி உயரம், நல்ல கைக்காரன். அவனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் மறந்துவிடலாம். அன்று காலை பத்தரை மணி சுமாருக்கு, டிரம்மிலிருந்து நைட்ரோபென்சீனைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றும்போது குழாய் நழுவி அவனுடைய வலது ஷூவின் மேல் கொட்டிவிட்டது. அவன் சரியாகத்தான் செய்தான். உடனே ஷூவையும் காலுறையையும் கழற்றி, சோப்புப் போட்டுக் காலைக் கழுவினான். ஷூவையும் குழாயடியில் கழுவி வெயிலில் வைத்தான். குளியலறை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் சொல்ல வந்தான்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன்.

"ஏன்டா, இன்னிக்கின்னு பார்த்தா ரப்பர் செருப்போட உள்ள வருவ? ஷூ எங்கே?"

"இல்ல மேடம், ஷூ மேல கொஞ்சம் சிந்திடுச்சு. கழுவி வெச்சிருக்கேன்."

"கழுவிட்டல்ல? அப்புறம் என்ன? போட்டுக்கோ."

"ஸ்டோர்ல வேற ஷூ கேட்டேன் மேடம். என் சைஸ் பதினொண்ணு. அவங்ககிட்ட ஒம்பதுக்கு மேல இல்லையாம்."

"முரளி, ரெண்டு மணிக்கு ஆள் வர்றாங்க. என்கிட்ட கதை சொல்லாதே. வேற சாக்ஸ் மாட்டிக்கிட்டு ஷூவைப் போட்டுட்டு வா."

என்ன சிந்தியது என்று நான் கேட்கவில்லை. இரண்டே சொல்லில் ஒரு கேள்வி, அதைக் கேட்கவில்லை. அவனும் மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டுக்கொண்டான். தோல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ஷூவாகத் தைத்தாலும் தோல் தோல்தான், குடிக்கும். குடித்ததைக் காலின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். காலைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கயிறு வேறு. நானே கட்டிவிட்ட மாதிரி.

இரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வரிசையில் நின்றுகொண்டிருந்த முரளியைத் தாண்டும்போது லேசாக ஷூ பாலிஷ் வாசனை வந்தது. நான் அவன் காதருகில், "பாலிஷெல்லாம் போட்டிருக்கே, பரவாயில்லையே" என்றேன். அவன் ஒரு மாதிரி சிரித்தான். நைட்ரோபென்சீனுக்குப் பாலிஷ் வாசனை என்று நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! மூன்றடி தூரத்தில் வாசனை வந்து நின்றபோது பாராட்டிவிட்டுப் போனேன். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர என்ன செய்ய?

மூன்று மணிக்கு ரோசம்மா என்னிடம் வந்தாள். ரோசம்மா யார் என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஆய்வகத்தின் கண்ணாடிப் பாத்திரங்களைப் பதினைந்து வருடம் கழுவியவள். பட்டினப்பாக்கத்துக்காரி. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலில் பூசை, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நம் தொட்டியடியில் ஆள் இருக்கும். ஒரு குடுவை உடைந்தால் உடைத்தவன் பெயரைச் சொல்லமாட்டாள், ஆனால் அவனை ஒரு வாரம் முறைப்பாள்.

விருந்தாளிகளோடு நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் குறுக்கே வந்ததே இல்லை. அன்று வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், அந்த முரளி தம்பி வாயப் பாருங்க. நாவப்பழம் துன்ன மாரி கீது."

"ஏதாவது சாப்பிட்டிருப்பான் ரோசம்மா. அப்புறம் பேசலாம்."

"ஐப்பசில ஏது மேடம் நாவப்பழம்? சீசன் முடிஞ்சி எம்மா நாளாச்சி? நீ வந்து பாரு மொதல்ல."

கோபம் வந்தால் அவள் வாயில் மரியாதை போய்விடும். விருந்தாளிகளை இன்னொருவரிடம் விட்டுவிட்டு அவள் பின்னால் போனேன். முரளி ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். உதடு ஊதா. நகமெல்லாம் சாம்பல் நிறம். "தலைவலி மேடம், காலைல சரியா சாப்பிடல, அதான்" என்றான். பேச்சு லேசாகக் குழறியது. கொரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க வாங்கிய விரல் கருவி ஒன்று காவலாளியிடம் இருந்தது. மாட்டினோம். எண்பத்தைந்து. வேறு விரலில் மாட்டினோம். எண்பத்தைந்து. என் விரலில் தொண்ணூற்றெட்டு. கருவி சரியாகத்தான் இருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் இருபது நிமிடம் என்றார்கள். என் காரிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டிரைவர், முன்னால் நான், பின்னால் முரளியும் ரோசம்மாவும். அவளை நான் கூப்பிடவில்லை, அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்டதும் அந்த வாசனை கார் முழுக்க நிறைந்தது.

"கொஞ்சம் கண்ணாடியை இறக்குப்பா, பாலிஷ் வாசனை தலையைச் சுத்துது" என்றேன் டிரைவரிடம்.

"பாலிஷா?" என்றாள் ரோசம்மா. "இன்னா மேடம் நீங்க? இது என் தொட்டில நெதம் வர்ற வாசனையாச்சே. நீங்க அனுப்புற அந்த மஞ்சத் தண்ணி கிளாசு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கதவைத் திறந்து அவன் ஷூக் கயிற்றில் கை வைக்கப் போனேன். ரோசம்மா பட்டென்று என் கையில் ஓர் அடி போட்டாள்.

"கைய எடு மேடம்! நீயும் படுத்துக்கினா டாக்டராண்ட யாரு பேசறது?"

இடுப்பில் செருகியிருந்த ரப்பர் கையுறையை அவள் மாட்டிக்கொண்டாள். ஷூவையும் காலுறையையும் கழற்றி, இரண்டு பாலிதீன் கவர்களில் போட்டு முடிச்சுப் போட்டாள். வெள்ளைக் காலுறையில் பாதி மஞ்சள். எதிரே இருந்த டீக்கடையில் போய், "அண்ணே, ஒரு பக்கெட் தண்ணி, ஒரு சோப்பு, சீக்கிரம்" என்று அதட்டி வாங்கிவந்தாள். ஓ.எம்.ஆர். சாலையில், ஐ.டி. கம்பெனிப் பேருந்துகள் உரசிக்கொண்டு போக, நடைபாதையில் குந்தி உட்கார்ந்து அவன் காலை முழங்கால் வரை கழுவினாள். அந்தக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் இன்னொரு பக்கெட் கொண்டுவந்து வைத்தார். அவரையும் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

வழியில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குள் நுழைந்தோம். பணியில் இருந்த டாக்டர் இளைஞர், உங்கள் வயதுதான் இருக்கும். ஓடிவந்து படுக்கவைத்து ஆக்சிஜன் மாட்டினார். அதற்குள் என் கைப்பேசி அடித்தது. நம் மேலாளர்.

"எப்படி இருக்கான்? மேடம், இங்க விசிட்டர்ஸ் இன்னும் இருக்காங்க. ஆஸ்பத்திரியில ரொம்ப டீடெயிலாப் போகாதீங்க. ஏதோ சால்வென்ட்னு சொல்லுங்க, போதும்."

அவர் மேல் பழியைப் போடுவது எனக்குச் சுலபம். போடமாட்டேன். அவர் அதைச் சொன்னபோது, அப்பாடா, எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது என்றுதான் நினைத்தேன். ஷூவைத்தான் கழற்றியாயிற்றே, காலைக் கழுவியாயிற்றே, ஆக்சிஜன் கொடுத்தால் சரியாகிவிடும், போட்டுக்கோ என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை எதற்கு வெளியே வரவேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது. முப்பத்து நான்கு வருடப் பெயர், இன்னும் ஆறு மாதம். வேதியியல் படித்த மனசும் பயந்துவிட்டால் இப்படித்தான் கோணலாக யோசிக்கிறது.

டாக்டர் கேட்டார். "கெமிக்கல் ஏதாவது எக்ஸ்போஷர் ஆச்சா?"

"காலைல கால்ல கொஞ்சம் சால்வென்ட் சிந்திச்சு. உடனே கழுவிட்டான்."

டாக்டர் முரளியைப் பார்த்தார். "உடனே கழுவிட்டீங்களா சார்?"

முகமூடிக்குள்ளிருந்து முரளி என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஆமா டாக்டர். உடனே கழுவிட்டேன்."

எனக்காகப் பொய் சொன்னான். முழுப் பொய்கூட இல்லை, பாதி உண்மை. உதடு கறுத்துப்போய் மூச்சுக்குத் திணறும்போது அவனுக்கு என் மானம் ஞாபகம் வந்தது.

பத்து நிமிடம் ஆயிற்று. ஆக்சிஜன் முழு வேகத்தில் போகிறது, திரையில் எண் எண்பத்தைந்திலிருந்து ஒரு புள்ளி நகரவில்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "உடனே கழுவிட்டார்னா பெருசா உள்ள போயிருக்க சான்ஸ் இல்ல. எனக்கு நுரையீரல்ல ரத்தக்கட்டியா இருக்குமோன்னு டவுட். ஸ்கேனுக்கு அனுப்பறேன்" என்றார். ஸ்கேன் எடுக்கும் இடம் வேறு கட்டடத்தில். போய், காத்திருந்து, எடுத்து, பார்த்து முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அவனுக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை என்று அந்த அறையில் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

கதவோரம் கையில் பாலிதீன் கவரோடு ரோசம்மா நின்றிருந்தாள். உள்ளே வந்தாள். சத்தமாகப் பேசவில்லை.

"மேடம், அதும் பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே சொல்லிக்கினு இருப்பேன். உங்களுக்குத் தெரியுமில்ல? சொல்லுங்க."

சொன்னேன். "டாக்டர், அது நைட்ரோபென்சீன். கொட்டினதும் கழுவினான், அது நிஜம். அப்புறம் அது ஊறின ஷூவை அவன் காலில் மாட்டச் சொன்னது நான். வேண்டாம்னுதான் வந்தான், நான் கேக்கல. பதினோரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் காலிலேயே இருந்திருக்கு. நாலு மணி நேரம். ஷூ இதோ இருக்கு."

திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கு அதற்கு நேரமில்லை. "நாலு மணி நேரமா?" என்று ஒருதரம் கேட்டார். ஸ்கேனை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓர் ஊசியில் கொஞ்சம் இரத்தம் எடுத்தார். ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டார். பக்கத்தில் தன் விரலைக் குத்தித் தன் இரத்தத்தில் ஒரு சொட்டு. அவருடையது பளிச்சென்று சிவப்பு. முரளியுடையது கருப்பட்டிப் பாகு. காற்றில் வைத்தும் சிவக்கவில்லை. இரத்தத்தில் இருக்கும் இரும்பு குணம் மாறிப்போய் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத நிலை அது. வெளியிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை ஊட்டினாலும் தூக்கிப்போக ஆள் கிடையாது. மெதஹீமோகுளோபின் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். படிப்பது வேறு, துணியில் பார்ப்பது வேறு.

"மெத்திலீன் புளூ ஊசி போடணும். எங்ககிட்ட இல்ல" என்றார் டாக்டர்.

நான் மேலாளரைக் கூப்பிட்டேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். அவர், "மெத்திலீன் புளூ நம்ம அலமாரியிலேயே ஒரு பாட்டில் இருக்கே, அனுப்பட்டுமா?" என்றார். சபலம் தட்டியது, மறுக்கமாட்டேன். "வேண்டாம் சார். அது ஸ்லைடுக்குச் சாயம் போடறது. ஊசியில ஏத்தறது வேற" என்றேன். மனிதர் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு, நான்கு இடங்களுக்குப் போன் போட்டு, அடையாறில் ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்து இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே வாசலில் நின்றார். அவருக்கும் என் நன்றி.

அந்த இளைஞர் டாக்டர் எங்களோடு ஆம்புலன்ஸில் ஏறினார். பணி நேரத்தில் அப்படி வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மத்திய கைலாஷ் சிக்னலில் வண்டி திணறியது. முரளிக்குக் கண் சொருகியது. ரோசம்மா அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "தம்பி, தூங்காத நைனா. தீபாவளிக்கி எனக்கு பொடவ எட்த்து தரேன்னு சொன்ன இல்ல? இன்னா கலரு? சொல்லு, இன்னா கலரு?" என்று கேட்டபடியே வந்தாள். அவன் அப்படிச் சொன்னதே இல்லையாம், பிறகுதான் தெரிந்தது. அவன் "பச்சை, பச்சை" என்று முனகினான்.

அடையாறில் மருந்து தயாராக இருந்தது. நரம்பில் அந்தக் கருநீலம் மெதுவாக ஏறியது. ஏறியதும் திரையில் எண் இன்னும் கீழே போனது. "சாயத்தால கருவி ஏமாறும், பயப்படாதீங்க" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் பயம் பயம்தான். அரை மணி நேரம் கழித்து ரோசம்மாதான் முதலில் பார்த்தாள். "வாய் தொறந்துச்சி மேடம், பாருங்க, நெறம் வந்துச்சி." உதட்டின் உட்பக்கத்தில் லேசான ரோஸ் நிறம். என் வாழ்க்கையில் எத்தனையோ நிறமாற்றம் பார்த்திருக்கிறேன், அதற்காகச் சாமியைக் கும்பிட்டது அன்றுதான்.

மறுநாள் காலை அவனைப் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மேடம், யூரின் பச்சையா வருது மேடம். நர்ஸ் சாதாரணமாப் பார்த்துட்டுப் போறாங்க, எனக்குத்தான் பகீர்னு இருக்கு" என்றான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு கேட்டேன், ஏன்டா டாக்டரிடம் அப்படிச் சொன்னே என்று.

"உங்களுக்கு இன்னும் ஆறு மாசம்தானே மேடம் இருக்கு. எதுக்குன்னு..."

பிள்ளைகளே, உங்களில் யாராவது இப்படி ஒரு விசுவாசம் வைத்திருந்தால் இப்போதே தூக்கிக் குப்பையில் போடுங்கள். உங்கள் சீனியருடைய மானத்துக்காக டாக்டரிடம் ஒரு சொல்லைக்கூட மறைக்காதீர்கள். சீனியர் ஆகப்போகிறவர்கள் இன்னொன்றைக் கேளுங்கள். ஒருவன் வந்து "சிந்திடுச்சு, கழுவிட்டேன்" என்றால், "எது, எங்கே, இப்போ அது எங்கே இருக்கு" என்று மூன்றையும் கேட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். உங்கள் சட்டம் எவ்வளவு நல்ல சட்டமாக இருந்தாலும் சரி. செருப்பு கூடாது என்பது நல்ல சட்டம்தான். அதை அன்று ஒரு மனிதனின் கால் மேல் ஏற்றினேன். விபத்து அறிக்கையை நானே எழுதினேன். "ஊழியர் ஷூவை மாற்றவில்லை" என்று வரைவில் இருந்த வரியை அடித்துவிட்டு, "பொறுப்பாளரின் உத்தரவின்படி அணிந்தார்" என்று என் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவேண்டியதுதான்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. முரளியின் அம்மா. கணவர் இறந்த பிறகு தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டி இருக்கும் அவர்களுடைய துணிக்கடையை நடத்துவது அந்த அம்மாள்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளயக் காப்பாத்திக் கொடுத்திய" என்று அழுதார். அன்று உண்மையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். ஐந்தாம் நாள் கடைக்கே போனேன். தீபாவளிக் கூட்டம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கடைக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று.

என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து நாற்காலி போட்டார். காபி சொன்னார். விற்பனைப் பெண்ணிடம், "எடுத்து வச்ச ரெண்டையும் கொண்டா" என்றார். இரண்டு பட்டுச் சேலைகள், ஒன்று பச்சை, ஒன்று அரக்கு. "பச்சை அந்த ரோசம்மாவுக்கு. எம்மவன் ஏதோ சொல்லியிருக்கானாம். இது உங்களுக்கு."

நான் சேலையைத் தொடவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "அம்மா, நான் காப்பாத்தலை. அந்த ஷூவைப் போடச் சொன்னதே நான்தான். அவன் போடலைன்னுதான் வந்தான். நான் கத்திப் போடவெச்சேன். அவன் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான்."

அவர் முகம் மாறியது. கையிலிருந்த சேலையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். திட்டட்டும், திட்டினால் தேவலை என்று நின்றேன்.

"இல்ல, அவன் சொல்லல" என்றார். பிறகு, "டாக்டர்ட்ட இதச் சொன்னியளா?"

"சொன்னேன். பத்து நிமிஷம் லேட்டாச் சொன்னேன்."

"சொன்னியள்லா?"

"சொன்னேன்மா."

அவர் அரக்குச் சேலையை மறுபடி எடுத்தார். பிரித்து, மடிப்பை நீவி, பையில் போட்டு என் கையைப் பிடித்து இழுத்துக் கைக்குள் திணித்தார். கோபம் போகவில்லை, பிடியில் தெரிந்தது.

"நீங்க செஞ்சதுக்கு என் வாயில நல்லா வருது. அத இன்னொரு நாள் சொல்லுதேன். இது நீங்க சொன்னதுக்கு. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா, இந்தக் கடையிலேருந்து எம்மவனுக்கு நான் வேற துணில்லா எடுத்திருப்பேன்."

அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நான் வாய்விட்டு அழுதேன். அந்த அம்மாள் என்னை உட்காரவைத்து, காபியை ஆற்றிக் கையில் கொடுத்தார்.